தங்கப்பொண்ணுக்கு ரூத் என்று பேர்

தங்கப்பொண்ணு ஓர் இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. ஆனையூரில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். விடிந்ததும் மாமியாருக்கு இன்சுலின் ஊசி போடுவாள், இட்லி ஊற்றுவாள், துணி காயப்போடுவாள், வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டே செருப்பைத் தேடுவாள். ஒரு கையில் டிபன் பாக்ஸும் இன்னொரு கையில் போனுமாகத் தெருமுனைக்கு ஓடி ஆரப்பாளையம் பஸ்ஸைப் பிடிப்பாள். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ஒரு பார்சல் சர்வீஸ் ஆபீஸில் அவளுக்கு புக்கிங் வேலை. அங்கேயும் நின்றபடிதான். தேனிக்கு ஒரு மூட்டை, கோயம்புத்தூருக்கு ஒரு பெட்டி என்று நாள் முழுக்க எதையாவது எங்கேயாவது அனுப்பிக்கொண்டிருப்பாள்.

நான் ஐரின். ஒரு காலேஜ் ஆபீஸில் கிளார்க். எங்கள் சபையின் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். ஐரின் என்றால் சமாதானம் என்று அர்த்தமாம். என் வீட்டுக்காரரிடம் அதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். பேருக்கும் ஆளுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

தங்கப்பொண்ணுவின் ஊர் கீழக்குயில்குடி. அப்பா அவள் சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா முத்துத்தாய் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் அவளையும் அண்ணன் சிவக்குமாரையும் படிக்கவைத்தார். பிறகு கொஞ்சம் நிலம் வாங்கி, ஆடு வளர்த்து, நிமிர்ந்த குடும்பம். அவளுடைய பார்சல் ஆபீஸுக்கு எங்கள் சபைப் பையன் ஆல்பின் அடிக்கடி பார்சல் போட வந்து, போட வேண்டிய பார்சல் இல்லாத நாளிலும் வந்து, கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது. ஆல்பினின் அம்மா ஜெபமணி டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பெண் ஞானஸ்நானம் எடுத்துவிட்டுத்தான் ஆலயத்துக்குள் மணமகளாக வர வேண்டும்.

ஞானஸ்நானம் என்றால் எங்கள் வழக்கப்படி புதுப் பேர். வெளியிலிருந்து மருமகளாக வருகிற பெண்ணுக்கு என்ன பேர் வைப்பது என்று எங்கள் பக்கத்தில் யாரும் மூளையைக் கசக்குவதில்லை. ரூத். எங்கள் சபையிலேயே இப்படி வந்த ரூத்துகள் நாலைந்து பேர் உண்டு. ஒருத்தியைக் கூப்பிட்டால் எல்லாரும் திரும்புவார்கள். வேதத்தில் வருகிற ரூத் மோவாப் தேசத்துப் பெண். யூதேயாவிலிருந்து பிழைக்கப் போன குடும்பத்துக்கு மருமகள் ஆனவள். புருஷன் செத்த பிறகும் மாமியார் நகோமியை விடாமல், நீ போகிற இடத்துக்கு நானும் வருவேன் என்று கூடவே பெத்லகேமுக்கு வந்துவிட்டாள். மருமகள் மாமியாரிடம் சொன்ன அந்த வார்த்தையைக் கல்யாணப் பத்திரிகையில், ஏதோ பெண்டாட்டி புருஷனிடம் சொன்ன மாதிரி அச்சடிக்கிறவர்கள் நாங்கள். ஆனால் மாமியார்களுக்கு மட்டும் அது யாரிடம் சொல்லப்பட்டது என்று நன்றாகவே ஞாபகம் இருக்கும்.

"பேருதானக்கா, வச்சுட்டுப் போறாங்க. சம்பளம் வாங்குற எடத்துல இன்னமும் தங்கப்பொண்ணுதான்," என்று அப்போது அவள் சிரித்தாள்.

ஜெபமணி டீச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேதபாடமும் தமிழும் நடத்தி ஓய்வு பெற்றவர். கண்டிப்பு, சுத்தம், கஞ்சி போட்ட காட்டன் சேலை. புருஷன் இல்லை. ஆல்பின் மஸ்கட்டில். மூத்த மகன் பெங்களூரில். அந்த மூத்த மருமகள் கல்யாணமாகி வந்த வேகத்திலேயே தனிக்குடித்தனம் கிளம்பிவிட்டாள். அதிலிருந்து டீச்சர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "நம்ம ஓர்பாள் போன் பண்ணாளா?" என்பார். நகோமிக்கு இரண்டு மருமகள்கள். ரூத் கூடவே வந்தவள், ஓர்பாள் திரும்பிப் போனவள். டீச்சரின் வீட்டில் வேதபாடம் இன்னும் முடியவில்லை.

போன வருஷம் மழைக்காலத்தில் ஆட்டுக்குத் தழை ஒடித்துவிட்டு வரப்பில் வரும்போது முத்துத்தாய் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் எழுந்து நடக்கச் சில மாதம் ஆகும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார்கள். சிவக்குமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். லீவு முடிகிற வரைக்கும் இருந்துவிட்டுப் போனான். அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி காலையும் மாலையும் எட்டிப்பார்த்தாள். அவளுக்கும் வயல் வேலை, பிள்ளைகுட்டி. மீதி நேரம் முத்துத்தாய் கட்டிலில் தனியாகக் கிடந்தார்.

தங்கப்பொண்ணுவின் ஓட்டம் இரட்டிப்பானது அப்போதுதான். ஆனையூரிலிருந்து ஆரப்பாளையம். வேலை முடிந்ததும் தேனி பஸ்ஸில் ஏறி நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைத்தால் ஆட்டோ, இல்லையென்றால் நடை. அம்மாவைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சோறு ஊட்டி, மறுபடியும் பஸ் பிடித்து, சாயங்கால ஊசி தாமதமாகிவிடக்கூடாதே என்று பறந்து வருவாள். அம்மா பக்கத்தில் இருக்கும்போது டீச்சரின் சர்க்கரை கண்முன் நிற்கும். டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது அம்மா தாகமென்று கூப்பிடுவது காதில் விழும். ஒருநாள் தேனிக்குப் போக வேண்டிய மிக்சி கோயம்புத்தூருக்கும், கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய மல்லிகைப்பூக் கூடை தேனிக்கும் போய்விட்டன. முதலாளி நல்ல மனிதர், திட்டவில்லை. "தங்கம், நீ எந்தப் பக்கம் போற ஆளுன்னு முதல்ல முடிவு பண்ணு" என்று மட்டும் சொன்னாராம். அவர் பார்சலைத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் டீச்சரிடம் வாய் திறந்து கேட்ட நாளில் நான் அங்கே இருந்தேன். கறிவேப்பிலை வாங்கப் போயிருந்தேன்.

"அத்தை, அம்மா எந்திரிச்சு நடக்குற வரைக்கும் நான் அங்க இருந்து பாத்துக்கிறேனே. வேலைக்கும் அங்கருந்தே போயிக்கிறேன். ஊசிக்கு ஐரின் அக்காகிட்ட சொல்லிருக்கேன்."

டீச்சர் பேப்பரை மடித்தார். "இங்க கூட்டிட்டு வாயேன். நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்?"

"மாடிப்படி ஏற முடியாதுங்கத்தை. அதுவுமில்லாம அது வராது. சம்மந்தி வீட்டுல போயிப் படுத்துக் கெடக்க மாட்டேங்குது."

"வர மாட்டேன்னா அதுக்கு நான் என்ன செய்ய? ஐரின் ஊசி போட்டா போட்ட எடம் வீங்கிப்போகும். கையா அது, உலக்கை." என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு குரலை இறக்கினார். "ஒனக்கு ரூத்துன்னு பேரு வச்சிருக்கோம். அதை நெனச்சு நடந்துக்க."

போகாதே என்று சொல்லவில்லை. அதுதான் டீச்சரின் கெட்டிக்காரத்தனம். போகாதே என்று சொல்லியிருந்தால் தங்கப்பொண்ணு எதிர்த்துப் பேசியிருப்பாள். இது பேர். பேரோடு எப்படிச் சண்டை போடுவது? நான் கறிவேப்பிலையை வாங்காமலே திரும்பிவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டு ரசம் கறிவேப்பிலை இல்லாமல்தான் கொதித்தது, நானும் கூடவே கொதித்தேன்.

ஆனாலும் டீச்சரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அந்த வீட்டில் சாயங்காலமானால் டி.வி. சத்தம் மட்டும்தான். ஒரு மருமகள் போனவள் போனவள்தான் என்று பார்த்தவர். இன்னொருத்தி பையைத் தூக்கினால் அது தாய் வீட்டுக்குத்தானா, இல்லை ஒரேயடியாகவா என்று அவருக்குப் பயம். அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் வேதத்தைச் சொன்னார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பெண்கள் ஞாயிறு வந்தது. வருஷத்தில் அந்த ஒரு ஞாயிறு ஆராதனை முழுக்கப் பெண்கள் பொறுப்பு. ஜெபம், பாடல், செய்தி எல்லாம் நாங்களே. ஒரே நிறச் சேலைக்காக ஒரு மாதம் சண்டை நடக்கும். இந்த முறை செய்தியை ஒருவரே இழுக்காமல், வேதத்தில் உள்ள பேரை வைத்திருக்கும் பெண்கள் சிலர், தங்கள் பேரின் அர்த்தத்தையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லட்டும் என்று கமிட்டியில் முடிவானது. ரூத் என்ற பேருக்கு இத்தனை பேர் இருக்க, ஜெபமணி டீச்சர் தன் மருமகள் பேசட்டும் என்றார். மறுக்க யாருக்குத் தைரியம்?

தங்கப்பொண்ணுவிடம் நான் சொன்னபோது மதில் மேல் கையை வைத்தபடி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். "எனக்கு எங்கக்கா நேரம்?" என்றாள். அப்புறம், "சரி, அந்தப் பேருக்கு அர்த்தந்தான் என்னன்னு பாத்துருவோம். அதை வச்சுத்தான என்னயக் கட்டிப்போட்டுருக்காங்க" என்றாள்.

எங்கள் சபையின் குருவானவரை நாங்கள் ஐயர் என்போம். இளவயதுக்காரர், கேட்டால் மழுப்பாமல் சொல்லுவார். ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போகிற வழியில் அவர் வீட்டு வாசலில் நின்றபடியே கேட்டிருக்கிறாள். உட்காரச் சொன்னாராம், உட்காரவில்லை. அவர் சொன்னதை அன்று மாலை மதில் ஓரத்தில் என்னிடம் ஒப்பித்தாள்.

நகோமி என்றால் இனிமையானவள். அது தெளிவு. புருஷனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்து ஊர் திரும்பியபோது, இனி என்னை மாரா என்று கூப்பிடுங்கள் என்றாளே, மாரா என்றால் கசப்பு. அதுவும் தெளிவு. ஓர்பாள் என்பதற்குப் பிடரி என்று சொல்லுவார்கள், திரும்பிப் போனவளின் பின்கழுத்து. ரூத் என்பதற்கு மட்டும் ஆளுக்கொன்று. பலர் தோழி என்கிறார்கள். சிலர் தாகம் தீர்ந்தவள் என்கிறார்கள். உறுதியாகச் சொல்ல முடியாதாம். ஏனென்றால் அவள் எபிரெயப் பெண்ணே அல்ல, மோவாபுக்காரி. பேரும் அவர்கள் ஊர்ப் பேராக இருக்கலாம். அந்த ஊர்ப் பாஷையில் அதற்கு என்ன அர்த்தமோ!

"அக்கா, ஒண்ணு கேக்குறேன்," என்றாள். "பெத்லகேமுக்கு வந்தபெறகு ரூத்துக்குப் பேரை யாரு மாத்துனா?"

"யாரும் மாத்தலையே."

"அப்ப ரூத்துங்குறது அவங்க அம்மா வச்ச பேரா?"

"பின்ன?"

"வெளியூருலருந்து வந்த மருமக. அவ பேரை அங்க யாருமே மாத்தலை. அவ பேரை எடுத்து எனக்கு வச்சு எம்பேரை மாத்திட்டீக." அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. எத்தனை பெண்களுக்கு அந்தப் பேர் வைத்த ஞானஸ்நானங்களில் நான் முன்வரிசையில் நின்று பாட்டுப் பாடியிருக்கிறேன்! ஒரு தடவையாவது இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டுமே என்று எரிச்சலாக வந்தது.

அடுத்த நாட்களில் அவள் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் அந்தச் சின்னப் புத்தகத்தை மறுபடி மறுபடி படித்தாள். நாலே அதிகாரம்தான். எதையோ தேடுகிறாள் என்று தெரிந்தது. என்ன தேடுகிறாய் என்று கேட்டால், "இருக்கான்னு பாக்குறேன்" என்பாள். அதற்குள் முத்துத்தாய்க்கு முதுகில் படுக்கைப் புண் லேசாகத் தலைகாட்டியது. திருப்பிப் படுக்கவைக்க ஆள் இல்லாததால்தான். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவள் டீச்சருக்கு ஊசி போடும்போது கை நடுங்கியிருக்கிறது. டீச்சரே என்னிடம் குறையாகச் சொன்னார். ஏன் நடுங்கியது என்று கேட்டீர்களா டீச்சர் என்றேன். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

பெண்கள் ஞாயிறன்று மயில்நீலச் சேலையில் ஆலயம் நிறைந்திருந்தது. முதலில் எலிசபெத் அக்கா, அடுத்தது ராகேல். ராகேல் என்றால் பெண் ஆடு என்று அவளே சொன்னதும், பின் பெஞ்சில் அவள் புருஷன் இருமினார், மொத்தச் சபையும் வாயைப் பொத்திக்கொண்டது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே நான் மைக்கில், "அடுத்து ரூத் ஆல்பின்" என்றேன். முன்வரிசை ஓரத்தில் ஜெபமணி டீச்சர் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தங்கப்பொண்ணு காகிதம் எதுவும் கொண்டு வரவில்லை. மைக்கைப் பிடித்த கை சும்மா இருக்காமல் அதை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எம்பேரு ரூத்து. ஞானஸ்நானத்துல வச்சாங்க. அதுக்கு முன்னாடி தங்கப்பொண்ணு, எங்க அம்மா வச்சது. ரூத்துன்னா தோழின்னு சொல்றாங்க. தாகம் தீந்தவன்னும் சொல்றாங்க. ஆனா சரியாத் தெரியாதாம். அவ மோவாப் தேசத்துப் பொண்ணு. பேரை வச்சது அவங்க அம்மாவாத்தான் இருக்கும். என்ன நெனச்சு வச்சுச்சுன்னு அந்த அம்மாவுக்குத்தான் தெரியும்."

சில தலைகள் ஆடின. இதுவரைக்கும் யாருக்கும் குறையில்லை.

"அந்த அம்மா என்ன ஆச்சுன்னு நான் தேடிப் பாத்தேன். ரூத்து தகப்பனையும் தாயையும் விட்டுட்டு வந்தான்னு ஒரு வார்த்தை வருது. அப்ப அம்மா உசுரோடதான் இருந்திருக்கு. அம்புட்டுதான். அதுக்கு மேல ஒண்ணுமே எழுதலை. அந்த அம்மாவுக்கு ஒடம்புக்கு முடியாமப் போனப்ப யாரு பாத்தான்னு எழுதலை."

ஐயர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் படிச்சேன். ரூத்து, நான் கூட வாரேன்னு சொல்றதுக்கு முன்னாடி, நகோமி ரெண்டு மருமக கிட்டயும் சொன்னது என்னன்னா, உங்க தாய் வீட்டுக்குத் திரும்பிப் போங்கன்னு. அவங்கதான் முதல்ல போகச் சொன்னாங்க. அப்படிப் போகச் சொன்னதுனாலதான் ரூத்து தானா மனசு வச்சு நின்னா. ஓர்பாளும் மாமியார் பேச்சைக் கேட்டுத்தான் போனா. அழுதுகிட்டு, முத்தம் குடுத்துட்டுப் போனா. போனவள நகோமி ஒரு வார்த்தை வையலை." அவள் டீச்சர் பக்கம் திரும்பவே இல்லை. எதிரே சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். "என்னய யாரும் போகச் சொல்லலை. சொல்லுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்க அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்துருச்சு. நான் போறேன். எனக்குச் சொல்லத் தெரிஞ்சது இம்புட்டுதாங்க."

மைக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கக் கதவு வழியாக இறங்கிப் போய்விட்டாள். நான் அடுத்த பாட்டை அறிவித்திருக்க வேண்டும். மைக்கை எலிசபெத் அக்காவிடம் நீட்டிவிட்டு நானும் இறங்கினேன். போகிற போக்கில் டீச்சரைப் பார்த்தேன். அவர் முகம் நேராகவே இருந்தது. பாட்டுப்புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

நான் ஸ்கூட்டரில் அவளை ஏற்றி வீட்டுக்கு வந்தேன். அவள் சோறு வடித்தாள், குழம்பைச் சுடவைத்தாள், மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து டப்பாவில் போட்டாள், பையில் துணியை அடைத்தாள். இவ்வளவையும் செய்து முடிக்கவும் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கவும் சரியாக இருந்தது. மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அத்தை, சோறு வச்சிருக்கேன். ஊசி பிரிட்ஜுல இருக்கு. போயிட்டு வாரேன்."

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தங்கப்பொண்ணு பையோடு நின்றாள். போ என்று ஒரு சொல். அது வந்திருந்தால் எத்தனை லேசாகப் போயிருப்பாள்! நான் வேண்டுமென்றே இருமிக்கூடப் பார்த்தேன். வரவில்லை. அவள் படியிறங்கினாள்.

பாத்திமா காலேஜ், காளவாசல், தேனி ரோடு. வழியெல்லாம் பின்சீட்டில் அவள் கால் ஆடிக்கொண்டே வந்தது, எனக்கு ஹேண்டில் ஆடியது. "தப்புப் பண்ணிட்டேனாக்கா? சபையில வச்சுச் சொல்லிருக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் முன்னாடியே போயிருக்கணும்" என்றாள். அப்புறம், "அத்தை சாப்பிட்டிருப்பாங்களா?" என்றாள். அம்மாடி, ஒரு பக்கமாக நினை என்று கத்தினேன். ஒரு பக்கமாக நினைக்க முடிகிறவள் என்றால் அவளுக்கு இந்தப் பாடே இல்லை.

கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தாமரைக் குளத்துக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி ஊருக்குள் போனோம். முத்துத்தாய் கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்த உடம்பு, ஆனால் கண் மட்டும் கத்தி மாதிரி. மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பையைப் பார்த்ததும் மலர்ந்தது அப்படியே நின்றுவிட்டது.

"என்னத்தா பையி?"

"தங்க வந்திருக்கேன். நீ எந்திரிக்கிற வரைக்கும்."

"ஒங்க அத்தைகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாக?"

தங்கப்பொண்ணு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவுகதான் போகச் சொன்னாக," என்றாள்.

பெத்தவளிடம் பொய் செல்லுமா? முத்துத்தாய் மகளின் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். "சண்டை போட்டுட்டு வந்திருந்தா இப்பமே திரும்பிப் போயிரு. நான் தனியாக் கெடந்தாலும் கெடப்பேன். என்னால எம்மவ பொழப்பு கெட்டுச்சுன்னு இருக்கக் கூடாது. வாங்குன பேச்செல்லாம் போதும். கட்டிக்குடுத்தப்பவே அவுகளும் நம்மளும் ஒண்ணான்னு எத்தன பேரு கேட்டாக."

"அப்படியெல்லாம் இல்லம்மா," என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க சும்மா இருங்கம்மா. போனைப் போடுத்தா. நான் சம்மந்தி கிட்டயே கேட்டுக்கிறேன்."

தங்கப்பொண்ணு போனை எடுக்கவில்லை. முத்துத்தாய் கையை நீட்டியபடியே இருந்தார். அந்தக் கை கீழே இறங்குகிற கையாகத் தெரியவில்லை. கடைசியில் அவள் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போனால் நல்லது என்று நான் ஜெபித்தேன். எங்கள் ஐயர் கற்றுக்கொடுத்த ஜெபங்களில் அது கிடையாது.

"ஹலோ," என்றார் டீச்சர்.

"சம்மந்தி, நாந்தான் முத்துத்தாயி."

"சொல்லுங்க. இப்ப எப்படி இருக்கு?"

"இருக்கேன். எம்மவ பையைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கிது. நீங்கதான் போகச் சொன்னீகன்னு சொல்லுது. நெசந்தானா?"

டீச்சரின் மூச்சுச் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் கேட்டது. தங்கப்பொண்ணு கண்ணை மூடிக்கொண்டாள். பொய் என்ற வார்த்தையே வாயில் வரக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் பிரம்பால் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பக்கம் இருக்கிறார். இப்போது அவர் உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை என் ஸ்கூட்டரிலேயே திரும்ப வேண்டியதுதான். எனக்குக் கோபம் கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

"ஆமா சம்மந்தி," என்றார் டீச்சர். "தாய் வீட்டுக்குப் போன்னு நாந்தான் சொன்னேன். நீங்க விழுந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்ல மனசு வரலை. ரொம்பப் பிந்தித்தான் சொன்னேன். நீங்க அதை மனசுல வச்சுக்காதீங்க."

முத்துத்தாய் போனைத் தலையணை ஓரத்தில் வைத்தார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் நெலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற? பையை உள்ள கொண்டுபோயி வையி," என்றார்.